பட்டினத்து மதுக்கூடமும் வாவிக்கரைத் தென்னையும்



கொழும்பு மாநகரின் சிறந்த மதுக்கூடங்கள் எவை என்று வரிசைப்படுத்திக் கூறும் கட்டுரைகள் இக்காலத்தில் அடிக்கடி வெளிவருகின்றன. மதுவைப் பழச்சாறு, சர்க்கரை, வாசனைச் சரக்குகள் ஆகியவற்றோடு கலந்து, அழகிய கண்ணாடிக் குவளையில் வழங்கும் ‘கொக்டெயில்’ என்னும் கலவைக்கே அங்கு மதிப்பு மிகுதி. மது அருந்தும் பழக்கமில்லாத பள்ளிக்கூட அதிபரொருவர் இதைப் பற்றிப் பேசப் புகுந்ததேன் என்று நீங்கள் வியக்கலாம். அக்குவளையில் ஊற்றப்படும் தென்னஞ்சாராயத்தின் பிறப்பிடம் நம்மவர் ஏறி இறங்கும் தென்னையின் பாளை. ஆதலால் அதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கும் சிறிது உண்டென்று கருதுகிறேன்.

பட்டினங்களில் மதுக்கூடம் இருப்பது புதுமையன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் மேல் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. யவனர் கொண்டுவந்த நறுமதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியது புறநானூற்றில் உள்ளது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள்களை ஒதுக்கினார். நிகண்டு காட்டும் இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிடலாம்: ‘ஈழம்’ என்னும் சொல்லுக்கு நம் நாட்டின் பெயர் என்பதோடு கள் என்ற பொருளும் உண்டு!

மதுவைக் கலந்து குடிக்கும் நாகரிகம் மேல்நாட்டிலிருந்து வந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். ‘கொக்டெயில்’ என்பதற்கு அமெரிக்கப் பத்திரிகையொன்று 1806 இல் விளக்கம் கூறியது உண்மையே. ஆனால் அதற்கு மிக முற்பட்டது ‘பஞ்ச்’ என்னும் கலவை. சாராயம், சர்க்கரை, எலுமிச்சஞ்சாறு, நீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்வதால், ஐந்து என்னும் பொருள்தரும் வடசொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்ததென்பது பலர் கூறும் விளக்கம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த ஒருவர் 1632 இல் எழுதிய கடிதத்தில் இச்சொல் முதன்முதலாகக் காணப்படுகிறது. நூறாண்டு கழிவதற்குள் இலண்டனில் பஞ்சுக்கென்றே தனிக் கடைகள் தோன்றிவிட்டன.

தாக்கரே 1847, 1848 ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட ‘வனிற்றி பெயர்’ என்ற நாவலைப் படித்தோர் ஒரு காட்சியை மறந்திரார். இந்தியாவில் கலெக்டராயிருந்து வந்த ஜோஸ் செட்லி, வொக்சோல் பூங்காவில் சாராயப் பஞ்சை ஒரு பாத்திரம் நிறையக் குடித்து மயங்கி, தான் விரும்பிய பெண்ணை மணம் பேசாமலே போய்விடுகிறான். அந்தப் பஞ்சே இக்கதை முழுவதற்கும் காரணம் என்று ஆசிரியர் வேடிக்கையாகக் கூறுகிறார். அக்காலத்தில் கீழ்த்திசையிலிருந்து சென்ற சாராயம் பலவகைப்பட்டது. பத்தாவியாவில் அரிசியும் கரும்புப் பாகும் சேர்ந்தன. கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளே மூலப்பொருள்.

இனி அந்தக் கள்ளுக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எழுவான்கரை தென்னைக்கு உகந்த நிலம். மலராத பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவிப் பக்குவப்படுத்துவார்கள். தட்டு கடுமையானால் பாளை பழுதாகும். குறைந்தால் நீர் சுரவாது. அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும். எழுதிப் படிப்பிக்க இயலாது. காலையும் மாலையும் ஏறிச் சீவி முட்டியை மாற்றவேண்டும். மழை நாளில் மரம் வழுக்கும். ஆயினும் சீவாது விட்டால் சுரப்பு நின்றுவிடும். இத்தனைக்கும் ஒரு மரம் நாளொன்றுக்குத் தருவது ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு லீற்றர்தான். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் இனிய கருப்பநீர். பூசாவிடில் இறக்கும்போதே புளிக்கத் தொடங்கிய கள். அது ஒருநாள் தாமதித்தால் காடியின் வழியிற் போய்விடும். ஆகவே சாராயம் வடிப்போர் விரைந்து வடிக்கின்றனர். பின்னர் ஹல்மில்ல முதலிய மரங்களாற் செய்த பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவதும் உண்டு. ஹல்மில்லவை ஆங்கில வணிகர் திருக்கோணமலை மரம் என்றே அழைத்தனர்.

சாராய வடிப்புக்குப் பேர்பெற்றது களுத்துறைப் பகுதியே. நம் கரையிலோ கள் பெரும்பாலும் கள்ளாகவே தவறணைக்குச் செல்கிறது. தொழில் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றுதான்.

கொழும்பில் 1864 இல் எழுந்த காலிமுகத்திடல் விடுதியும், 1875 இல் திறக்கப்பட்டு 1890 இல் செக்கோவ் தங்கிய கிராண்ட் ஓரியண்டல் விடுதியும் கப்பற்பயணிகளின் தாகம் தீர்த்தவை. கோட்டைப் பகுதியிலுள்ள பழைய ஒல்லாந்தர் ஆசுபத்திரி 2011 முதல் உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடமாயிற்று. நெடுங்காலம் விஸ்கிக்கும் ஜின்னுக்கும் முதலிடம் தந்த நகரம் இப்போது சாராயத்தைப் புளி, கறுவா, இஞ்சி ஆகியவற்றோடு கலந்து பெருமையுடன் வழங்குகிறது. என்னிடம் படித்த மாணவனொருவன் அத்தகைய கூடமொன்றில் கலவை செய்யும் பணியிலிருக்கிறான். அவனுடைய தந்தை வாவிக்கரையில் கள் இறக்கியவர். பள்ளியில் அத்தொழிலைக் கேட்டால் “கூலிவேலை, சேர்” என்றே விடையளிப்பான். நான் சென்றபோது எனக்கு எலுமிச்சைச் சர்பத்தைத் தந்து, தான் புதிதாக அமைத்த சாராயக் கலவையின் பெயரை அட்டையில் காட்டினான். மரம் ஏறியவரைப் பற்றி அவ்வட்டையில் ஏதும் உண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, “அதை யார் சேர் கேட்கிறார்கள்?” என்றான்.

மதுவால் சிதைந்த குடும்பங்களை நான் அறிவேன். மாதக் கடைசியில் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையின் முகத்தை அறிவேன். கசிப்பு என்னும் களவுச்சாராயம் எத்தனை வீடுகளை இருளாக்கியது என்பதை நம் ஊர்கள் சொல்லும். 1904 இலும் 1912 இலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கங்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. குடிப்பவனைத் திருத்துவது ஒரு கடமை. ஆனால் குடிக்கும் கனவானை மேசைக்கு அழைத்துவிட்டு, இறக்கும் ஏழையின் பிள்ளையைத் தாழ்வாக நோக்குவது எந்த ஒழுக்கத்தைச் சேர்ந்தது? சாராயக் குத்தகை எடுத்தோர் செல்வராகிச் சமூகத் தலைவர்களானதைக் குமாரி ஜயவர்த்தன தம் ஆய்வுநூலில் விரிவாகக் காட்டியுள்ளார். மரமேறியவர் குடும்பத்துக்கு அந்த உயர்வு கிட்டவில்லை. இன்று அவர் மக்களும் தளைநாரைத் தொட விரும்புவதில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

பிரான்சு நாட்டில் கொன்யாக் என்னும் ஊரின் பெயரை எந்தெந்த நிலத்து மதுவுக்கு இடலாம் என்று 1909 இலேயே எல்லை வகுத்தார்கள். நம் நாட்டுக் கறுவாவுக்கும் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அன்று அந்தக் கூடத்தில் அடுக்கியிருந்த சாராயப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எத்தனை ஆண்டு முதிர்ந்தது, வலிமை எவ்வளவு, நிறுவனம் எது என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. எந்தக் கரைத் தென்னை என்பது ஒன்றிலும் இல்லை.