கேஸ் போகவில்லை, தூசிதான்!



படுக்கையில் இருக்கிற மாமியாருக்காக வாங்கின ஜன்னல் ஏசி, போன கோடையில் குளிரவே இல்லை. பார்க்க வந்தவர், "கேஸ் போயிடுச்சு, 3000 ரூபாய் ஆகும்"னு சொன்னார். குழுவில் கடன் கேட்கக் கிளம்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான், "முதல்ல ஃபில்டரைக் கழட்டிப் பாரு"ன்னாங்க. கம்பளி மாதிரி தூசி! கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினேன். குளிர்ந்தது.

ஃபில்டர் அடைத்தால் காற்று போகாது, உள்ளே ஐஸ்கூடக் கட்டும். அப்போது கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிடுங்க. ஐஸ் கரைஞ்சிடும். கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்க. அறைக்குள் தண்ணீர் சொட்டினால், ஏசியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கான்னு பாருங்க. நிறுத்தினால் 3 நிமிஷம் பொறுத்துப் போடுங்க.

கருகல் வாடை வந்தால் மட்டும் நீங்களே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும்.

கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். "எங்கே கசியுது, காட்டுங்க"ன்னு கேட்டுவிட்டுப் பணம் கொடுங்க. கடன் வாங்குவதற்கு முன் கேள்வி கேட்போம்.