எதிரே அமர்ந்தோர் எதிரிகள் அல்லர்

எழுதுகோல் ஏந்தும் தோழர்களே!

ஓர் ஆங்கிலச் சொற்றொடரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விழைகிறேன். 'லாயல் ஆப்போசிஷன்' என்பது அது. அதனை 'விசுவாசமுள்ள எதிர்க்கட்சி' என்று எழுதிவிட்டால், படிப்பவர் என்ன எண்ணுவார்? ஆளுங்கட்சிக்குத் தலையாட்டும் கட்சி என்றன்றோ எண்ணுவார்! பொருளே தலைகீழாகிவிடுகிறதே!

அச்சொல் பிறந்த கதையைக் கேளுங்கள். 1826ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் காலம். அமைச்சர்கள் தம்மை 'மன்னரின் அமைச்சர்கள்' என்றனர். காமன்ஸ் சபையின் எதிர்வரிசையில் இருந்த ஜான் காம் ஹாப்ஹவுஸ், தம் அணியை 'மன்னரின் எதிர்க்கட்சி' என்றார். அவை சிரித்தது. ஆனால், வேடிக்கையாகப் பிறந்த சொல் வேரூன்றிவிட்டது!

ஏன் வேரூன்றியது? அமைச்சரை எதிர்ப்பவன் அரசையே எதிர்ப்பவன் என்று ஐயுறும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்த ஐயத்தை அச்சொல் அறுத்தெறிந்தது. நாட்டுக்குப் பற்றுடையவனாக இருந்துகொண்டே, ஆள்வோரை நேருக்கு நேர் எதிர்க்கலாம் என்னும் உரிமையை அது நிலைநாட்டிற்று. 1937இல் பிரிட்டன், எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் ஊதியம் தரச் சட்டமே இயற்றியது. எதிர்ப்பதற்கு அரசுப் பணமா என்று வியக்கிறீர்களா? ஆம், எதிர்ப்பதும் மக்கட் பணியே! இந்திய நாடாளுமன்றமும் 1977இல் அத்தகைய சட்டம் செய்தது.

ஆகவே எழுதும்போது எண்ணிப் பாருங்கள். பற்று யாருக்கு? அமைச்சரவைக்கு அன்று, அரசியலமைப்புக்கு. பிரிட்டனில் அப்பெயர் எல்லா எதிரணிக் கட்சிகளுக்கும் உரியதா? இல்லை, ஆட்சியில் இல்லாத கட்சிகளுள் பெரியதற்கே உரியது. 2022 முதல் அங்கே அரசர் ஆள்வதால், இன்றைய கட்சியை 'அரசியாரின் எதிர்க்கட்சி' என்பது பிழை. முடியில்லாக் குடியரசாகிய இந்தியாவிலோ 'மன்னரின்' என்னும் அடைமொழிக்கே இடமில்லை.

இன்னொன்று. நம் தமிழில் 'எதிர்க்கட்சி' என்கிறோம். 'எதிரிக் கட்சி' என்பதில்லை. எதிரே அமர்ந்து வாதிடுவோர் எதிர்க்கட்சியினர். அழிக்க வருவோர் எதிரிகள். ஒரு சிறு எழுத்துத்தான் வேறுபாடு. அந்த எழுத்துப் பிறழ்ந்தால் வாதம் வன்மமாகும், மேடை போர்க்களமாகும்.

கொள்கையில் கடுமை காட்டுங்கள், தோழர்களே. சொல்லில் நேர்மை காட்டுங்கள். இன்று எதிர்வரிசையில் இருப்போரை நாம் எப்பெயரிட்டு அழைக்கிறோமோ, நாளை நாம் அங்கே அமரும்போது அப்பெயரே நமக்கும் வரும்!