கட்டி என்றதும் கத்தியா?

கர்ப்பப்பையைப் பற்றி மேடையில் பேசுவதா என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுச் சங்கதிதான்.

‘கர்ப்பப்பையில் கட்டி’ என்று ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. அன்றிரவு அந்த வீட்டில் யாராவது தூங்குவார்களா? புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிடுகிறோம். நார்க்கட்டி என்று நாம் சொல்லும் இந்த ஃபைப்ராய்டு புற்றுநோய் அல்ல. வாஷிங்டன் நகரில் 35 முதல் 49 வயதுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80க்கு மேற்பட்டோருக்கும் இந்தக் கட்டி வந்துவிடுகிறதாம்! மாதவிடாய் நிற்காத பெண்களில், கட்டி இருப்பதாக அதுவரை யாரும் சொல்லாதவர்களிலேயே பாதிப் பேருக்கு அது ஸ்கேனில் தென்பட்டது. அந்த எண்களை நம் பெண்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் இது அபூர்வ நோயல்ல என்பது உறுதி.

ஏன் வருகிறது? உடம்புச் சூடு, ஊர்க்கண் என்று நாம் தேடாத காரணமில்லை. 2011இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த கட்டிகளில் சுமார் 70 சதவீதத்தில் ஒரே மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். யார் கண்ணும் படவில்லை, தாயே! கட்டியை வளர்ப்பவை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும். அதனால்தான் சிறு வயதிலேயே பூப்பெய்தியவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் கட்டி பெரும்பாலும் சுருங்குகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால், உடல் எடை மிகுந்தால், ரத்த அழுத்தம் இருந்தால் வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்றவர்களுக்குக் குறைவு. மாமியார்மார்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்!

பலருக்கும் இருக்கிறது என்பதற்காகப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டுமா? மணிக்கொரு நாப்கின் நனைகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ‘பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்’ என்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். தொந்தரவில்லாத கட்டியைக் கவனித்து வந்தாலே பெரும்பாலும் போதும். தொந்தரவு இருந்தால் மாத்திரை உண்டு, கட்டியை மட்டும் அகற்றும் அறுவை உண்டு, அதற்குப் போகும் ரத்த ஓட்டத்தை அடைக்கும் முறையும் உண்டு. ‘பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதலைச் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றமே 2023இல் உத்தரவிட்டிருக்கிறது.

பக்கத்து அறையில் ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். அதிகம் உதிரம் போகிறவர்கள் தேநீருக்கு முன்னே அங்கே போய்விட்டு வாருங்கள்.