தொட்டியை மட்டும் பார்க்காதீர்கள், கரியையும் பாருங்கள்



பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கப் பாய்வு மின்கலம் ஏற்றதா என்பதே இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர் தொட்டியின் அளவைப் பற்றியும் வனேடியத்தின் விலையைப் பற்றியும் சொன்னார். நான் சொல்ல வந்தது கரியைப் பற்றி.

கைப்பேசி பேட்டரியில் மின்சக்தி உள்ளேயே அடைபட்டிருக்கும். பாய்வு மின்கலத்தில் அது வெளியே இரண்டு தொட்டிகளில் கரைசலாக நிற்கிறது. பம்பு அந்தக் கரைசலைக் கலத்துக்குள் செலுத்துகிறது. அங்கே ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும், கரி இழைகளால் ஆன கம்பளி போன்ற மின்முனைகள் உள்ளன. கரைசல் அந்த இழைகளைத் தொடும்போதுதான் எலக்ட்ரான் கைமாறுகிறது. எத்தனை மணி நேரத்துக்கு மின்சாரம் வரும் என்பது தொட்டியைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாக வரும், எவ்வளவு வீணாகும் என்பதில் கரிக்குப் பெரும்பங்கு உண்டு.

வனேடியப் பாய்வு மின்கலம் 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழுவினரால் உருவாக்கப்பட்டது. அவர்கள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். புதிய கரிக் கம்பளியில் கரைசல் தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் நின்றது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. கம்பளியைக் காற்றில் 400 டிகிரி செல்சியஸில் 30 மணி நேரம் சூடாக்கினார்கள். இழையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்தது. கரைசல் நன்றாக நனைத்தது. ஆய்வுக்கூடக் கலத்தின் ஆற்றல் திறன் 78 விழுக்காட்டிலிருந்து 88 விழுக்காடாக உயர்ந்ததாக 1992இல் வெளியிட்டார்கள்.

பத்து விழுக்காடுதானே என்று நினைக்க வேண்டாம். சீனாவின் டாலியன் நகரில் 2022இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தின் கொள்ளளவு 400 மெகாவாட் மணி, அதாவது 4 இலட்சம் யூனிட். அவ்வளவு பெரிய நிலையத்தில் பத்து விழுக்காடு என்றால், ஒரு முறை நிரப்பி இறக்குவதற்குள் 40,000 யூனிட்!

ஆனால் அளவு மீறினால் ஆபத்து. அதிகம் சூடாக்கினால் இழை எரிந்து மெலியும். கம்பளியை இறுக்கி அழுத்தினால் மின்தடை குறையும். பம்புக்கோ வேலை கூடும். மின்னேற்றம் மிஞ்சினால் நேர்முனைக் கரி கரியமில வாயுவாக அரிக்கப்படும். எதிர்முனையில் ஹைட்ரஜன் கிளம்பி மின்சாரத்தை விழுங்கும்.

ஆகவே, மின்கலம் வாங்க முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தொட்டி எவ்வளவு பெரியது என்பதோடு நின்றுவிடாதீர்கள். நூறு யூனிட் கொடுத்தால் எத்தனை யூனிட் திரும்ப வரும், பத்தாண்டுக்குப் பின்னும் அதே அளவு வருமா, மின்முனையை மாற்ற என்ன செலவாகும் என்றும் கேளுங்கள். விலைப்பட்டியலில் தெரியாத நட்டம் மின்கட்டணத்தில் தெரியும்.