கரையோரச் சிறுவரின் கல்வி: கருணையன்று, உரிமை!

(மன்னாரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



இன்று நாம் தேர்தலைப் பற்றிப் பேச எழவில்லை. பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பின்னர், இம்மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கே செல்கின்றார்கள் என்ற ஒரே கேள்வியை உங்கள் முன் வைக்கவே எழுந்தோம். வசதி படைத்தவர் பிள்ளை தனியார் வகுப்புக்குச் செல்கின்றது. வசதியற்றவர் பிள்ளை கரைக்குச் செல்கின்றது, வலை தெரிக்கின்றது, கருவாடு காயவைக்கின்றது. காலையில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த இருவரையும் மாலைப்பொழுது பிரித்துவிடுகின்றது. பத்தாண்டுகள் கடந்ததும் ஒருவர் கந்தோரில் கதிரையில் இருப்பார்; மற்றவர் அதே கந்தோரின் வாசலில் கைகட்டி நிற்பார். இந்த அநீதியை விதியென்று கூறி ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை.

இக்கரையின் வரலாறு நமக்கு ஒரு பாடம் புகட்டியிருக்கின்றது. அரிப்புக் கடலின் முத்து உலகப் புகழ் பெற்றது. 1905-ஆம் ஆண்டுச் சலாபம் பெருஞ் செல்வத்தை அள்ளிக் கொடுத்தது. மறு ஆண்டிலேயே ஆங்கில அரசு முத்துப் படுகைகளை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளில் படுகைகள் வறண்டன; கம்பெனியும் கலைந்தது. கரையில் வாழ்ந்தவனுக்கு மிஞ்சியது சிப்பி ஓடு! எண்ணும் எழுத்தும் அறியாத மக்களின் காலடியில் எத்தனை செல்வம் கிடந்தாலும் அது பிறர் கைக்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பிள்ளை ஏன் பள்ளியை விடுகின்றது?

சோளகம் வீசுங்கால் தீவின் தென்கரை கொந்தளிக்கும். வாடை வீசுங்கால் வடகரை கொந்தளிக்கும். காற்றுக்கேற்ப வள்ளமும் வலையும் கரை மாறும். சில குடும்பங்கள் வாடியோடு தாமும் இடம் மாறும். பள்ளிக்கூட இடாப்போ இடம் மாறாது. மூன்று மாதம் வராத பிள்ளை, திரும்பி வரும்போது வகுப்பிலே அந்நியனாகின்றது. பின்னர் வராமலே நின்றுவிடுகின்றது.

இதன்மேல் போர் வந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளும் முசலிப் பிள்ளைகளும் புத்தளத்து முகாம்களிலே படித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மடுவிலும், கடல் கடந்து மண்டபத்திலும் அகதி முகாம்களிலே வளர்ந்தார்கள். 2009-இல் போர் முடிந்தது. எனினும் கடல் அமைதியடையவில்லை. இழுவை மடிகள் அடிக்கடலை வாரிச் சென்றன. 2017-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் அத்தொழிலைத் தடைசெய்த பின்னரும் சிறுதொழிலாளியின் வலை அறுபடுவது ஓயவில்லை. 2022-இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது மன்னாரிலிருந்து சில குடும்பங்கள் மீண்டும் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கின. உலை கொதிக்காத வீட்டிலே முதலில் மூடப்படுவது பாடப்புத்தகம்தான்.

சட்டம் என்ன சொல்கின்றது?

நாம் சட்டம் கற்றவர்கள். ஆகவே சட்டத்தையும் சற்று ஆராய்வோம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945-இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை இருந்த கட்டாயக் கல்வி 2016-இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. மகிழ்ச்சி! ஆனால் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அதிகாரத்தில் கல்வி இல்லை. 27-ஆம் உறுப்புரையிலே, அரசு பின்பற்ற வேண்டிய கொள்கைகளுள் ஒன்றாக அது வைக்கப்பட்டிருக்கின்றது. அக்கொள்கைகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதென்று 29-ஆம் உறுப்புரை கதவடைக்கின்றது. அயலிலுள்ள இந்தியா 2002-இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஆறு முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. நமது பிள்ளைக்கு மட்டும் அது ஏன் வெறும் கொள்கையாகவே இருக்க வேண்டும்? இது நாம் விடாது எழுப்ப வேண்டிய அரசியற் கோரிக்கை.

எழுத்தறிவின் பெறுமதி பரீட்சையோடு முடிவதன்று. போரினால் காணியை விட்டகன்றோர், பிறர் நெடுங்கால ஆட்சியினால் உரித்துக் கொண்டாடுவதை எதிர்த்து வழக்காட 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஆனால் அதற்கு ஈராண்டுகளே தவணை! சட்டம் அச்சிலே வெளிவந்தது, தவணையும் கடந்தது. அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இல்லாத குடும்பத்துக்கு அச்சட்டம் வந்தும் வராததே. சம்மாட்டியின் கடன் கணக்கிலும், காணி அனுமதிப் பத்திரத்திலும், காப்புறுதித் தாளிலும் பொருளறியாமல் ஒப்பமிடும் கை, தன் கழுத்திலே தானே கயிற்றை மாட்டுகின்றது.

ஒதுக்கீடு மட்டும் போதுமா?

1971-இல் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது தமிழ் மாணவர் உலகம் கொதித்தெழுந்தது. அக்கொதிப்பு நியாயமானது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரும் இடம்பெற்று, அதற்கெனச் சிறப்பு ஒதுக்கீடும் பெறுகின்றது. அதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒதுக்கீடு பல்கலைக்கழகத்தின் வாசலைத்தான் திறக்கும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையை அந்த வாசல்வரை அழைத்துவர எந்த ஒதுக்கீட்டாலும் இயலாது. உரிமைப் போராட்டம் பல்கலைக்கழக வாசலில் மட்டும் நடைபெறுவதன்று. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும், மாலை வேளையில், விளக்கின் அடியிலே நடைபெற வேண்டியது.

மாலைப் பள்ளி

ஆகவே ஊருக்கு ஒரு மாலைப் பள்ளி வேண்டுமென்கின்றோம். இது புதுமையான எண்ணமன்று. 1884-இல் இலண்டன் மாநகரின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில் ‘டாயின்பி ஹால்’ தோன்றியது. பல்கலைக்கழகத்து இளைஞர்கள் அங்கே குடியிருந்து உழைப்பாளிகளுக்குக் கற்பித்தனர். அதைக் கண்டு ஊக்கம் பெற்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889-இல் சிக்காகோ நகரிலே ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். படிப்போடு இசையும் நாடகமும் தொழிலும் அங்கே பயிற்றப்பட்டன. அவ்வம்மையாருக்கு 1931-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. நமது அயலிலே, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார்கள். இலண்டனிலும் சிக்காகோவிலும் தமிழ்நாட்டிலும் இயன்றது மன்னாரில் ஏன் இயலாது?

அங்கே எதைக் கற்பிப்பது? கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சிங்களம் ஆகியவற்றில் பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிடுவது முதற் கடமை. வாடி மாறிச் சென்று திரும்பிய பிள்ளைக்கு, விட்ட பாடத்தை ஈடுசெய்வது இரண்டாவது. படகு இயந்திரம் திருத்துதலும் கணக்கு எழுதுதலும் மூன்றாவது. கலையையும் விளையாட்டையும் ஒதுக்கிவிடலாகாது. மாதோட்டக் கூத்திலே விடிய விடிய நின்று, நூற்றுக்கணக்கான வரிகளை மனனஞ் செய்து பாடுகின்ற இளைஞனை ‘மந்த புத்தியுடையவன்’ என்று யார் சொல்ல முடியும்? நீரோட்டமும் காற்றும் நட்சத்திரமும் கண்டு திசையறியும் சிறுவனுக்குப் பூமிசாத்திரம் ஏறாது என்று யார் சொல்ல முடியும்? அறிவு அவர்களிடத்தே இருக்கின்றது. அதைத் தாளில் இறக்கிவைக்கத்தான் துணை வேண்டும்.

இப்பள்ளியை நடத்துவோருக்கு மூன்று நிபந்தனைகளை வைக்கின்றோம். முதலாவது, கணக்கு. 1980-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கத் தொண்டர் நிறுவனச் சட்டத்தின்கீழோ, கம்பெனிச் சட்டத்தின்கீழ் இலாபம் பகிராத நிறுவனமாகவோ முறைப்படி பதிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து நம் உறவுகள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கை ஊர்ச் சபையிலே வாசியுங்கள். இரண்டாவது, ஒற்றுமை. கோவிற் பிள்ளைக்கு ஒன்று, பள்ளிவாசற் பிள்ளைக்கு ஒன்று, தேவாலயப் பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று விளக்கு ஏற்றாதீர்கள். பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரே கரும்பலகையின் முன் அமரட்டும். கட்சிக் கொடியும் அங்கே வேண்டாம். எங்கள் கொடியும் வேண்டாம்! மூன்றாவது, பெண்பிள்ளைகள். இருட்டுகின்றது என்ற காரணத்தால் அவர்களை வீட்டில் இருத்திவிடாதீர்கள். அவர்களைத் தாய்மார் கூட்டமாக அழைத்துவந்து அழைத்துச்செல்ல ஒழுங்கு செய்யுங்கள்.

அன்பர்களே! மாலைப் பள்ளியைக் காரணங்காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ நாம் இடங்கொடுக்கலாகாது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியரைக் கேட்போம். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கு ஆய்வுகூடத்தைக் கேட்போம். மனுவாகக் கேட்போம், மறுத்தால் மக்களாகத் திரண்டு கேட்போம். ஆனால் அரசு தரும்வரை நம் பிள்ளை காத்திருக்க முடியாது. பத்து வயதுச் சிறுவனுக்கு அடுத்த ஆண்டு பதினொரு வயது. இழந்த காணியை ஒருநாள் மீட்கலாம். இழந்த பத்தாவது வயதை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.

ஆகையால் படித்த இளைஞர்களைக் கேட்கின்றோம்: கிழமையில் இரண்டு மாலைகளைத் தாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கேட்கின்றோம்: உங்கள் அனுபவத்தைத் தாருங்கள். சம்மாட்டிமார்களைக் கேட்கின்றோம்: பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை வள்ளத்தில் ஏற்றாதீர்கள். தாய்மார்களைக் கேட்கின்றோம்: மாலையில் பிள்ளையின் கையில் வலைக்குப் பதிலாகப் புத்தகத்தைக் கொடுங்கள். இக்கூட்டம் கலையுமுன் ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து பேராவது தம் பெயரைப் பதிந்து செல்லுங்கள்!