பெயரேட்டில் நம் பெயர்



கவிதை நிறைந்த இவ்விழாவில் கணிப்பொறிக்காரனாகிய எனக்கும் சிறிது நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒரு கூட்டத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேச எண்ணுகிறேன். நம் செயலாளருக்கு அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை; நான் சொல்லவிருப்பது வேறு வகைக் கூட்டம்.

ஓர் அலுவலகத்தில் உள்ளோரின் பெயர், பதவி, மின்னஞ்சல் முகவரி முதலியவற்றை ஒருங்கே வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி ஏற்பாட்டை டைரக்டரி என்பர். நான் பெயரேடு என்பேன். இதற்கான உலக விதிகள் 'எக்ஸ்.500' என்ற பெயரில் 1988-இல் வந்தன. சிறு கணிப்பொறிகளுக்கு அவை பெருஞ்சுமையாயின. ஆகவே மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிம் ஹவ்ஸ் முதலியோர் 'எல்டாப்' என்னும் எளிய முறையை வகுத்து 1993-இல் வெளியிட்டனர். 1997-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு யூனிகோடை ஏற்றது. தமிழெழுத்து ஏற வழி பிறந்தது.

எழுத்து ஏறியது, பெயர் ஏறவில்லை. 'மனிதர்' என்னும் வகையில் ஒருவரைப் பதிவு செய்ய, வழங்கும் பெயரோடு குடும்பப்பெயரும் கட்டாயம் என்கிறது விதி. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் முதலெழுத்தன்றோ உண்டு! நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் என் தந்தையார் பெயரை நிரப்பினார்கள். அன்றுமுதல் கடிதங்கள் யாவும் அவரையே விளித்து வந்தன. அவர் மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலைதோறும் திரை அவருக்கு வணக்கம் சொல்லிற்று. முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க இயலவில்லை. ஒற்றைப் புனைபெயரால் மட்டும் அறியப்பட விரும்பும் கவிஞர்கள் இங்குப் பலர். உங்களுக்கும் அந்தக் கட்டம் காத்திருக்கிறது.

விதியை மாற்ற எங்கே முறையிடுவது? ஐ.இ.டி.எஃப். எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழுவிடம். 1986 ஜனவரியில் 21 பேருடன் முதன்முதல் கூடிய அவை அது. இப்போது ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. அங்கே உறுப்பினர் என்று எவருமில்லை, வாக்கெடுப்பும் இல்லை. தலைவர் கேள்வி கேட்டால் உடன்படுவோர் வாய்மூடி 'ம்ம்' என்பர். மறுப்போர் தம் முறை வரும்போது 'ம்ம்' என்பர். ஒலியின் கனம் அவையின் மனத்தைக் காட்டும். கவியரங்கில் நாம் தரும் 'ஆகா'விற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. கூடத்தில் கண்ட முடிவை, வராதவரும் கருத்துரைக்கும்படி மின்னஞ்சலில் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

எல்டாப் விதிகளைத் திருத்தி 2006-இல் வெளியிட்ட குழு கலைந்துவிட்டது. ஆதலால் 'ஓரினப் பறவைகள்' எனப் பொருள்படும் பெயருடைய முன்னோடிக் கூட்டமொன்றைக் கேட்டுப் பெறவேண்டும். ஒரு பொருளுக்கு ஒருமுறைதான் இடம்; அரிதாக இரண்டாம் முறை; மூன்றாம் முறை கிடையாது. எனவே முன்னேற்பாட்டில்தான் வெற்றி. சிக்கலை வரைவாக எழுதிச் சுற்றுக்கு விடவேண்டும். வரைவின் ஆயுள் ஆறு திங்கள். மூலவிதி எக்ஸ்.500-இலிருந்து வந்ததால் அத்தரப்பாரையும் அழைக்கவேண்டும். எதிர்ப்போரை முன்னதாகவே தேடிச்சென்று பேசவேண்டும். அவர்கள் பக்கமும் நியாயமுண்டு: குடும்பப்பெயர் இருந்தே தீரும் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம், அவ்விடம் காலியானால் அவற்றுள் சில தடுமாறும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவை 'ம்ம்' சொல்லவேண்டிய கேள்வியை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லவேண்டும்.

என் கேள்வியை ஏழு முறை திருத்திவிட்டேன். 'குடும்பப்பெயரை நீக்கலாமா?' என்பது முதல் வடிவம், அது போர்முழக்கம். இப்போதைய வடிவம் இது: 'பழைய வகையைத் தொடாமல், ஒரே பெயருடையோர்க்கு அதனருகில் ஒரு புதிய வகை வைக்கலாமா?' வரைவின் முதற்பக்கத்தில் எடுத்துக்காட்டாக என் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன், முதலெழுத்தின்றி. தந்தை பெயருக்கெனக் கீழே தனி வரியும் உண்டு. அது கட்டாயமில்லை, விரும்புவோர் நிரப்பலாம். நான் நிரப்பியிருக்கிறேன்.