பேர் சொல்லாமல் போனவர்



2014 மே மாதத்தில் நாங்கள் குடும்பமாய்ச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் டயர் வெடித்து, வண்டி நடுத்திட்டில் மோதி நின்றது. எனக்கும் பிள்ளைகளுக்கும் சிராய்ப்புதான். என் மனைவிக்கு நெற்றி பிளந்து இரத்தம் நிற்கவில்லை.

எத்தனையோ கார்கள் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; நானும் அப்படிப் போனவன்தான். தேங்காய் ஏற்றி வந்த ஒரு லாரி நின்றது. டிரைவர் தன் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிளீனர் தம்பி 108-க்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கை எடுபடவேயில்லை.

“அண்ணே, உங்க பேரென்ன?” என்று கேட்டேன்.

“பேரெல்லாம் எதுக்கு சார். அப்புறம் போலீசு, கோர்ட்டுன்னு என்னைத்தான் இழுப்பாங்க.”

அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம்.

2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உதவி செய்தவர் விருப்பமில்லாவிட்டால் பேர், விலாசம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. உங்கள் டிரைவர்களிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

அந்தத் துண்டு எங்களிடமே தங்கிவிட்டது. துவைத்துக் காரிலேயே வைத்திருந்தோம். போன வருஷம் திண்டிவனம் பக்கத்தில் ஒருவருக்கு உதவிற்று.